கருவின் வடிவமும் விசையின் பணியும்

முன்னுரை

தாயின் கருவறையில் மனிதன் எவ்வாறு உருப்பெறுகிறான் என்னும் வினா மிகப் பழைமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடைகாக்கப்பட்ட கோழி முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்து அதற்கு விடை தேடினார். திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயமாகிய 'அல் முஃமினூன்', மனிதன் கருவறையில் படிப்படியாக உருவாக்கப்படுவதை எடுத்துரைத்து, அது குறித்துச் சிந்திக்க நம்மை அழைக்கின்றது. 39ஆம் அத்தியாயமாகிய 'அஸ்ஸுமர்' கருவறையின் இருள்களைப் பற்றிப் பேசுகின்றது. அந்த இருளினுள் நிகழ்வதை அறிய முனைவது நம்பிக்கையாளர்க்கு அயலான பணி அன்று.

1953இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பு கண்டறியப்பட்டது முதல், உயிரின் இரகசியமெல்லாம் மரபணுவில் எழுதப்பட்டுள்ளது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அவ்வெண்ணத்தில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மை அன்று. பலகாரம் செய்யும் முறையை ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் மாவு பிசையப்படுமா? பிசைவதற்கும், தேய்ப்பதற்கும், மடிப்பதற்கும் விசை வேண்டும். கருவிலே தட்டையான ஒரு படலத்தை மடித்துக் குழலாக்கும் அவ்விசை எங்கிருந்து எழுகின்றது? அதனை அளந்தறிய இயலுமா?

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் திசுக்களைக் கொண்டு இவ்வினாக்களுக்கு அண்மை ஆண்டுகளில் விடை காணப்பட்டு வருகின்றது. நரம்புக்குழல் என்னும் ஓர் அமைப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். குறையுடன் பிறந்த குழந்தையின் தாயை நோக்கி ஊரார் எழுப்பும் ஒரு கேள்விக்கும் இவ்விளக்கத்தில் விடை அடங்கியுள்ளது.

நான்காம் வாரத்தில் நிகழும் மடிப்பு

கருத்தரித்த மூன்றாம் வாரத்தில் மனிதக் கரு தட்டையான ஒரு தகட்டை ஒத்திருக்கின்றது. அத்தகட்டின் மேற்படையின் நடுப்பகுதி தடித்து 'நரம்புத் தகடு' ஆகின்றது. பின்னர் அதன் நடுவே ஒரு பள்ளம் விழுகின்றது. இரு ஓரங்களும் மேலெழுந்து, ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, இறுதியில் ஒட்டிக்கொள்கின்றன. வெற்றிலையைச் சுருட்டி இரு விளிம்புகளையும் சேர்ப்பது போன்ற நிகழ்ச்சி இது. இவ்வாறு தோன்றும் குழலே நரம்புக்குழல். இதன் மேற்பகுதி மூளையாகவும், கீழ்ப்பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன. ஓரங்களில் இருந்த படலம் குழலின்மேல் மூடித் தோலாகின்றது.

கருத்தரித்த 28ஆம் நாளையொட்டி இக்குழல் முழுவதும் மூடிவிட வேண்டும். கீழ்ப்புறம் மூடாது நின்றால் 'ஸ்பைனா பைஃபிடா' எனப்படும் முதுகெலும்புப் பிளவு நேர்கின்றது. அக்குழந்தை பிழைத்தாலும், கால்கள் செயலிழத்தல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை, தலையில் நீர் கோத்தல் ஆகிய துன்பங்கள் தொடரக்கூடும். மேற்புறம் மூடாது நின்றால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. அக்குழந்தை உயிர் வாழ்வதில்லை.

இங்கே கருதத்தக்கது யாதெனில், 28ஆம் நாள் என்பது பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை ஐயமற அறிந்துகொள்ளாத காலம். மருத்துவரை நாடுமுன்பே அக்குழல் மூடியிருக்கும், அல்லது மூடத் தவறியிருக்கும்.

ஒரு பழைய வழக்கு

கருவின் உருவாக்கத்தில் விசைக்குப் பங்கு உண்டு என்னும் கருத்து புதியதன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ், 1874இல் வெளியிட்ட நூலில், கருவின் படலங்கள் சமமற்று வளர்வதால் எழும் அழுத்தமே அவற்றை மடியச் செய்கின்றது என வாதிட்டார். இரப்பர்க் குழாய்களை வளைத்தும் அழுத்தியும் அவர் தம் கருத்தை விளக்கினார். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜெர்மானிய உயிரியலார் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் இதனை ஏளனம் செய்தார். கருவின் வடிவத்துக்கு அதன் பரிணாம மூதாதையர் வரலாறே போதிய காரணம் என்பது அவர் துணிபு.

1917இல் ஸ்காட்லாந்து அறிஞர் டார்சி தாம்ப்சன், உயிரினங்களின் வடிவத்தை இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் துணையால் விளக்கும் பெருநூலை வெளியிட்டார். 1947இல் அமெரிக்கர் வாரன் லூயிஸ், பித்தளைச் சட்டங்களையும் இரப்பர்ப் பட்டைகளையும் இணைத்து, உயிரணுப் படலம் உட்குழிவதை ஒரு மாதிரி வாயிலாகக் காட்டினார். எனினும் இவர்களது கருத்துகள் நெடுங்காலம் ஓரத்திலேயே நின்றன. காரணம் எளிது. உயிருள்ள கருவில் விசையை அளக்கும் வழி இல்லை. இரப்பர் மாதிரியோ உயிரற்றது. உயிருள்ளதாகவும், கண்முன்னே நிற்பதாகவும் ஒரு மாதிரி தேவைப்பட்டது.

உயிரணுவின் வலிமை

உயிரணு என்பது நீர் நிரம்பிய வெறும் பை அன்று. அதனுள் ஆக்டின் என்னும் புரத இழைகள் வலைபோல் பரவியுள்ளன. மயோசின் என்னும் மற்றொரு புரதம் அவ்விழைகளைப் பற்றி இழுக்கின்றது. நம் தசைகள் சுருங்குவதும் இவ்விரு புரதங்களாலேயே ஆகும். 1980இல் அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் ஹாரிஸும் உடனாய்வாளர்களும் மிக மெல்லிய சிலிக்கான் இரப்பர்ப் படலத்தின்மீது உயிரணுக்களை ஊரவிட்டனர். உயிரணு ஊர்ந்த இடமெல்லாம் படலம் சுருக்கம் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிரணு, தான் நிற்கும் தரையை இழுக்கின்றது என்பது இவ்வாறு கண்கூடாயிற்று.

தட்டையான படலம் எவ்வாறு வளைகின்றது? நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைவு கூர்க. கயிற்றை இழுத்தால் பையின் வாய் குறுகும். அடிப்பகுதி அகன்றே நிற்கும். நரம்புத் தகட்டின் ஒவ்வோர் உயிரணுவின் மேல்விளிம்பிலும் ஆக்டின் இழைகள் அக்கயிறு போல வளையமாகச் சுற்றியுள்ளன. மயோசின் அவ்வளையத்தை இறுக்க, உயிரணுவின் மேற்புறம் குறுகி அது ஆப்பு வடிவம் பெறுகின்றது. பள்ளிவாசலின் வாயில் வளைவைக் கட்டும் கொத்தனார் ஆப்பு வடிவக் கற்களை அடுக்கும்போது வளைவு தானே அமைவதைப் போல, இவ்வுயிரணுக்கள் அடுத்தடுத்து நிற்கையில் படலம் வளைகின்றது.

உயிரணு விசையைச் செலுத்துவதோடு நிற்பதில்லை. விசையை உணரவும் செய்கின்றது. 2003இல் பாரிஸ் நகரில் இம்மானுவேல் ஃபார்ஜ் பழ ஈயின் கருவை மெல்ல அழுத்தினார். அப்போது 'ட்விஸ்ட்' என்னும் மரபணு, வழக்கமாகச் செயல்படாத இடங்களிலும் செயல்படத் தொடங்கியது. 2006இல் அமெரிக்காவின் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் ஆகியோர், எலும்பு மச்சையிலிருந்து பெற்ற மனிதக் குருத்தணுக்களை வெவ்வேறு விறைப்புடைய கூழ்களின்மீது வளர்த்தனர். மூளையைப் போன்ற மென்மையான கூழில் அவை நரம்பணுவின் பண்புகளையும், தசையை ஒத்த நடுத்தர விறைப்பில் தசையணுவின் பண்புகளையும், விறைப்பு மிகுந்த கூழில் எலும்பணுவின் பண்புகளையும் காட்டின. மரபணு விசையை ஆள்வது போலவே விசையும் மரபணுவை ஆள்கின்றது என்பதே இவற்றால் பெறப்படும் உண்மை.

மாதிரித் திசு ஏன் தேவைப்பட்டது?

ஈ, தவளை, கோழி, எலி ஆகியவற்றின் கருக்களிலிருந்து அறிந்தவை பல. ஆயினும் மனிதக் கருவின் நான்காம் வாரம் நமக்கு எட்டாததாகவே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருவை 14 நாள்களுக்கு மேல் வளர்க்கலாகாது என்னும் வரம்பைப் பிரிட்டனில் வார்னாக் குழு 1984இல் பரிந்துரைத்தது. 1990இல் அது அந்நாட்டில் சட்டமாயிற்று. பிற நாடுகள் பலவும் இவ்வரம்பை ஏற்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இவ்வரம்பையே கொண்டுள்ளன. நரம்புக்குழல் மடிவதோ அவ்வரம்புக்கு ஒரு வாரம் கடந்த பின்னரே தொடங்குகின்றது.

இந்நிலையில் கைகொடுத்தவை ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள். இவை உடலின் எவ்வகை அணுவாகவும் மாறும் ஆற்றல் உடையவை. 2006இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, வளர்ந்த எலியின் தோலணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனித அணுவிலும் அது கைகூடியது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதனால், கருவைச் சிதைக்காமலேயே குருத்தணுக்களைப் பெறும் வழி பிறந்தது.

குருத்தணுக்களுக்கு ஏற்ற ஊட்டநீரும் தகுந்த வேதிச் சைகைகளும் அளித்தால், அவை தாமே ஒழுங்குபட்டு உறுப்பின் சிற்றுருவாக அமைகின்றன. இவற்றை ஆர்கனாய்டு என்பர். நாம் 'சிற்றுறுப்பு' எனலாம். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், எலிக்குடலின் ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து குடற்சுவரின் சிற்றுருவை வளர்த்தனர். 2011இல் ஜப்பானின் கோபே நகரில் யோஷிகி ஸாஸாய் குழுவினர் எலிக் குருத்தணுக்களைத் திரளாக வளர்த்தபோது, அத்திரளில் புடைப்பு ஒன்று எழுந்து, பின் தானே உட்குழிந்து, கண் தோன்றும் தொடக்கநிலைக் கிண்ண வடிவத்தைப் பெற்றது. வெளியிலிருந்து எவரும் அதனை அழுத்தவில்லை. மடியும் விசை திசுவின் உள்ளேயே உள்ளது என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று.

சில்லின்மேல் மடிந்த குழல்

சிற்றுறுப்புகளில் ஒரு குறை இருந்தது. தாமே திரண்டு வளர்வதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. வடிவமே ஆய்வுப் பொருளாகும்போது, வடிவம் மாறிக்கொண்டே இருந்தால் அளப்பது எங்ஙனம்?

அமெரிக்காவின் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏயல் கார்ஸ்புரூன், செபாஸ்டியன் ஸ்ட்ரைகன் ஆகியோரும் உடனாய்வாளர்களும் இதற்கு வழி கண்டு, 2021இல் வெளியிட்டனர். அவர்கள் ஒரு சில்லின் பரப்பில் உயிரணுக்கள் ஒட்டக்கூடிய இடங்களைக் குறித்த வடிவத்திலும் அளவிலும் அமைத்தனர். கோலத்திற்குப் புள்ளி வைப்பது போல, உயிரணு எங்கே நிற்கவேண்டும் என்பதை முன்னரே வரையறுத்தனர். அவ்விடங்களில் மனிதக் குருத்தணுக்களை வளர்த்து, உரிய வேதிச் சைகைகளை அளித்தனர். திசுவின் நடுப்பகுதி நரம்புப் படலமாகவும், ஓரங்கள் தோலாக மாறவிருக்கும் புறப்படலமாகவும் பிரிந்தன. பின்னர் நரம்புப் படலம் மடிந்து ஒரு மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள குழலாயிற்று. புறப்படலம் அதன்மேல் போர்த்தியது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை இந்நிகழ்ச்சி பிழையின்றி நடந்தேறியது.

இம்மாதிரியால் அறியப்பட்ட உண்மைகள் மூன்று. முதலாவது, குழல் மடிவதற்கு நரம்புப் படலமும் புறப்படலமும் ஆகிய இரண்டும் தேவை, அவ்விரண்டுமே போதுமானவை. இரண்டாவது, அம்மடிப்பை இரு விசைகள் நிகழ்த்துகின்றன. நரம்பணுக்களின் மேல்விளிம்பு சுருக்குப்பை போல இறுகுவது ஒன்று. புறப்படல அணுக்கள் சுரக்கும் புரதப் பின்னல் அடிப்புறத்தில் பசைபோல் பற்றிக்கொள்வது மற்றொன்று. இவற்றுள் ஒன்றை மருந்தின் மூலம் தடுத்தாலும், நரம்புக்குழல் குறைபாடுகளை ஒத்த உருக்கேடுகள் தோன்றின. மூன்றாவது, தொடக்கத்தில் நரம்புப் படலத்தின் அகலம் எவ்வளவோ அதற்கேற்பக் குழலின் வடிவம் மாறியது. மூளைப்பகுதியிலும் தண்டுவடப் பகுதியிலும் குழல் வெவ்வேறு வடிவம் கொள்வதற்கு வேதிச் சைகைகளோடு படலத்தின் அளவும் காரணமாகலாம் என்பது இதனால் புலனாயிற்று.

அதே 2021இல் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் ரங்கா குழுவினர் வேறொரு வழியை மேற்கொண்டனர். மனித நரம்புக்குழல் சிற்றுறுப்புகளை மென்கூழில் பதித்து, ஒரு கருவியால் அக்கூழை இழுத்தனர். இழுக்கப்பட்ட சிற்றுறுப்புகளில், நரம்பணுக்கள் தத்தமக்குரிய பகுதிகளாக ஒழுங்குபடுவது மிகுந்திருந்தது. இழுவிசை வடிவத்தை மட்டுமன்றி, எந்த அணு எதுவாக மாறும் என்பதையும் வழிநடத்துகின்றது என்பது இதனால் உறுதிப்படுகின்றது.

மூளையின் சுருக்கங்கள்

குழல் மூடியதோடு விசையின் பணி முடிவதில்லை. கருவின் மூளை தொடக்கத்தில் வழவழப்பாகவே இருக்கின்றது. கருக்காலத்தின் பிற்பகுதியில்தான் அதன் மேற்பரப்பில் மேடுபள்ளங்கள் தோன்றுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் எல். மகாதேவனும் உடனாய்வாளர்களும் 2016இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். 22 வாரக் கருவின் மூளைப் படத்தைக் கொண்டு மென்கூழால் மூளையின் உருவைச் செய்து, அதன்மேல் மற்றொரு கூழ்ப்படலத்தைப் பூசி, ஒரு கரைப்பானில் இட்டனர். மேற்படலம் மட்டும் உப்பியபோது, உண்மை மூளையை ஒத்த மடிப்புகள் தோன்றின. உட்பகுதியைவிட மேற்பகுதி விரைந்து பெருகினால் சுருக்கம் தவிர்க்க இயலாதது என்பதே இதன் பொருள்.

கூழில் கண்டது உயிருள்ள திசுவிலும் உண்மையாகுமா? இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ஓர்லி ரெய்னர், கார்ஸ்புரூன் முதலியோர் 2018இல் சில்லின்மேல் மனித மூளைச் சிற்றுறுப்புகளை வளர்த்துக் காட்டினர். சிற்றுறுப்பின் உட்பகுதி சுருங்கி இழுக்க, வெளிப்பகுதியில் அணுக்கருக்கள் பெருத்துத் தள்ள, அவ்விரு விசைகளின் போட்டியால் மடிப்புகள் எழுந்தன. 'லிஸ்1' என்னும் மரபணுவில் குறையுள்ள குழந்தைகளின் மூளை மடிப்பின்றி வழவழப்பாக அமைகின்றது. அக்குறையுடைய அணுக்களால் வளர்த்த சிற்றுறுப்புகளிலும் மடிப்புகள் குறைந்தன. அத்திசு நெகிழ்ந்தும் காணப்பட்டது. மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்துப்பிழை, திசுவின் விறைப்பை மாற்றி, அதன் வழியே உறுப்பின் வடிவத்தைச் சிதைப்பதை இங்கே படிப்படியாகக் காண முடிகின்றது.

மாதிரியின் எல்லையும் அறத்தின் எல்லையும்

மாதிரி என்றும் மாதிரியே. சில்லின்மேல் உள்ள நரம்புக்குழலுக்கு இரத்த ஓட்டம் இல்லை, முதுகுநாண் இல்லை, நஞ்சுக்கொடி இல்லை. அது குழந்தையாக வளரும் ஆற்றல் உடையதன்று. ஆகவே, அதில் கண்டதனைத்தும் கருவறையில் அவ்வாறே நிகழ்கின்றது எனக் கொள்வதும் பொருந்தாது. விலங்குக் கருக்களில் கண்டவற்றோடு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

எனினும் இத்துறை விரைந்து செல்கின்றது. 2022இல் ஜேக்கப் ஹன்னா குழுவினரும், மக்டலேனா செர்னிக்கா-கோட்ஸ் குழுவினரும் எலியின் குருத்தணுக்களை மட்டும் கொண்டு, மூளையின் தொடக்கமும் துடிக்கும் இதயமும் உடைய கருவொத்த உருக்களை வளர்த்துக் காட்டினர். மனித அணுக்களில் எதுவரை செல்லலாம் என்னும் வினாவைக் காலந்தாழ்த்தாது எழுப்ப வேண்டியுள்ளது. கருவில் 'ரூஹ்' ஊதப்படும் காலம் குறித்து 40 நாள் என்றும் 120 நாள் என்றும் இஸ்லாமியச் சட்ட வல்லுநரிடையே கருத்துகள் உள்ளன. இத்தகைய நெடிய சிந்தனை மரபு உடைய நம் மார்க்க அறிஞர்கள் இவ்வறிவியலை நேரே கற்று அவ்விவாதத்தில் பங்கேற்பது காலத்தின் தேவையாகும். அறியாது எதிர்ப்பதும் அறியாது ஏற்பதும் ஒன்றுபோலவே பயனற்றவை.

முடிவுரை

இவ்வறிவால் நம் இல்லங்களுக்கு விளையும் பயன் யாது? 1991இல் ஏழு நாடுகளில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. நரம்புக்குழல் குறைபாடுடைய குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மார்கள், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலத்தை உட்கொண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. கருத்தரிக்குமுன் தொடங்கி முதல் 12 வாரங்கள் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு மருத்துவ உலகம் பரிந்துரைக்கின்றது. முன்னர் இக்குறை நேர்ந்திருப்பின் கூடுதல் அளவு தேவைப்படும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் இக்குறைக்கு வாய்ப்பை மிகுவிக்கின்றன. அவற்றை உட்கொள்வோர் தாமாக நிறுத்திவிடாமல், கருத்தரிக்குமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். கரு உறுதியான பின் தொடங்குவது பெரும்பாலும் காலம் கடந்த செயலே. நிக்காஹ் நிறைவேறிய இல்லங்களில் மூத்தோர் கூறும் நல்லுரைகளுள் இதுவும் ஒன்றாகட்டும்.

ஃபோலிக் அமிலத்தால் தடுக்க இயலாத குறைபாடுகளும் உள்ளன. எந்த விசை, எந்த நாளில், எதனால் தளர்கின்றது என்பதை மாதிரித் திசுக்கள் காட்டித்தரும்போது, அவற்றுக்கும் வழி பிறக்கலாம்.

இறுதியாக ஒன்று. குறையுடன் ஒரு குழந்தை பிறந்தால், 'கிரகணத்தன்று வெளியே சென்றாயா? எதைத் தின்றாய்? என்ன பாவம் செய்தாய்?' எனத் தாயைக் கேட்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே முற்றாக மறையவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அதனை அத்துயரோடு இணைத்துப் பேசியவர்களை நபிகள் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். தம் மகனின் இழப்பிலும் அவர்கள் உண்மையைக் கைவிடவில்லை. அந்த நெறியில் நிற்கும் நாம், தான் கருவுற்றதையே அறியாத நாளில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு படலத்தின் விளிம்புகள் சேராமல் போனதற்காக ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? அத்தாய்க்கு நாம் அளிக்க வேண்டியவை மருத்துவமும் துணையும் ஆறுதலுமே. அறிவியல் நமக்குத் தரும் கல்வி இதனையும் உள்ளடக்கியதாகும்.